இன்சுலின் கட்டிய புடவை

குற்றம் – திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் – என் மனைவி வசந்தா. விசாரணை அதிகாரி – நான். சாட்சி – ஒரு சர்க்கரை டப்பா.

இந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடியது இந்த வழக்குதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

புயலைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. டிசம்பர் கடைசியில் கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. முந்திரியும் பலாவும் வேரோடு படுத்தன. எங்கள் தெருவில் கரண்ட் கம்பங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கின. அந்தக் கம்பங்கள் எழுந்து நிற்க எத்தனை நாள் ஆனது என்று கடலூர்க்காரர்களைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, கால் விரலுக்கும் போவார்கள்.

நான் ரெவின்யூவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன். வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன் ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள்’ என்று சுற்றறிக்கை தயாரித்த கை இது. அதனால் எச்சரிக்கை வந்த அன்றே வீடு தயார். டார்ச், மெழுகுவத்தி, மண்ணெண்ணெய், பத்து நாள் அரிசி. பத்திரங்கள், பென்ஷன் ஆர்டர் எல்லாம் பாலிதீன் உறையில், மேல் தட்டில்.

வசந்தா பார்த்துவிட்டுக் கேட்டாள். “வர்றது புயலா, ஆடிட்டா?”

அவள் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி டீச்சர். வாயை அடக்குவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாளே தவிர, தான் கற்றுக்கொள்ளவில்லை.

என் பட்டியலில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. அவளுடைய இன்சுலின்.

காலையும் மாலையும் ஊசி. போடுவது நான். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் இரண்டு புட்டிகள் இருந்தன – ஒன்று உடைத்தது, ஒன்று புதிது. கரண்ட் போன மறுநாளே ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது. தெருவில் மருந்துக்கடை திறக்கவில்லை. சிதம்பரம் போகலாம் என்றால் சாலை முழுக்க மரம்.

இதற்கு நடுவில் இன்னொன்று. புயல் அடித்த அன்று காலையில், சுவர் வென்டிலேட்டரின் கண்ணாடி உடைந்து சிதறியதை வசந்தா கவனிக்கவில்லை. வலது காலின் கட்டை விரலில் ஆழமாக ஒரு கீறல். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் விரல் என்றால் என்ன என்று நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பதறினேன். ஆனால் நடைமுறை தெரிந்தவன் பதற்றத்தைக் காட்டமாட்டான். பக்கத்து வீட்டு அந்தோணியைக் கூப்பிட்டேன். மீன் லோடு ஏற்றுகிறவர். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரில் ஓடுவது அவருக்குத் தெரியும். மாலைக்குள் ஒரு தெர்மோகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் வந்து சேர்ந்தன.

“சார், வெறும் ஐஸு மட்டும் பத்தாது. கல்லுப்பு நாலு கை அள்ளிப் போடுங்க. குல்பிக்காரன் போடுவான் பாருங்க… அந்த மாதிரி. இன்னும் ஜாஸ்தி கூல் ஆவும்.”

போட்டேன். ஐஸுக்கும் உப்புக்கும் நடுவில் இரண்டு புட்டிகளையும் புதைத்தேன். மருந்தின் அட்டைப் பெட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்றுதானே போட்டிருக்கிறது? இதைவிடக் குளிர்ச்சியான இடம் அன்றைக்குக் கடலூரில் கிடையாது.

“மீன் கவுச்சி அடிக்குதுங்க,” என்றாள் வசந்தா.

“மருந்துக்கு மூக்கு கிடையாது.”

மறுநாள் காலை பார்த்தேன். இரண்டு புட்டியும் கல் மாதிரி இறுகியிருந்தன. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! உள்ளங்கையில் உருட்டி, இளக வைத்து, அளவு பார்த்து ஊசி போட்டேன். தினமும் அந்தோணியின் புது ஐஸ், தினமும் அப்படியே. ஒரு வேளை தவறவில்லை. ஒரு யூனிட் கூடவில்லை, குறையவில்லை.

சர்க்கரைதான் ஏறிக்கொண்டே போனது.

வீட்டு மீட்டரில் வழக்கமாக நூற்று ஐம்பது, நூற்று அறுபது இருக்கும். நாலாம் நாள் 240. ஆறாம் நாள் 290. எட்டாம் நாள் 335. காயத்தின் ஓரம் கறுத்து, உள்ளே ஈரம் நின்றது. கிளினிக்கில் கூட்டம் வாசல் வரை. டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார்.

“இன்சுலின் ஒழுங்கா போடறீங்களா?”

“ஒரு வேளை தவறல சார். நானே போடறேன்.”

“அப்ப சாப்பாட்டுலதான் ஏதோ தப்பு நடக்குது. இன்சுலின நாலு யூனிட் கூட்டிப் போடுங்க. இன்னும் ஒரு வாரத்துல சுகர் எறங்கலன்னா, இந்த வெரலப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்மா.”

‘யோசிக்க வேண்டியிருக்கும்’ என்றால் என்ன என்று கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். மருந்து சரி. வேளை சரி. அளவு சரி. பாக்கி இருப்பது யார்?

அன்று மாலையே சர்க்கரை டப்பாவின் வெளியே, உள்ளே சர்க்கரை நிற்கும் மட்டத்தில், பேனாவால் ஒரு கோடு போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒரு நாள் கேசரி கிண்டினார்கள். அந்தோணியின் மனைவியிடம் போய், “அன்னிக்கு எங்க வீட்டம்மா கேசரி எவ்வளவு சாப்ட்டாங்க?” என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். மெதுவாகக் கேட்கும் கேள்விதான் தெருவில் வேகமாகப் போகும்.

அரை மணி நேரத்தில் வசந்தாவுக்கு வந்து சேர்ந்தது.

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“பொய் சொல்லக்கூடாதுன்னு முப்பது வருஷம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். சாப்ட்டேன்னா சாப்ட்டேன்னு சொல்லுவேன். நீங்க என்னடான்னா, தெருவுல போயி சாட்சி கேக்கறீங்க.”

“சர்க்கர ஏறுதே வசந்தா… எப்படி ஏறுது?”

“எனக்குத் தெரியாது. எங்கிட்ட கேக்கறத வுட்டுட்டு ஊரக் கேக்கறீங்கல்ல, அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அதற்குப் பிறகு பேச்சில்லை. தட்டு வரும், காபி வரும், வார்த்தை வராது. ஊசி நேரத்துக்குக் கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். முன்பெல்லாம் ஊசி போடும் அந்த அரை நிமிடத்தில் அவள் பேசாத பேச்சா? ஆபீஸாக இருந்தால் 17(பி) மெமோ கொடுத்திருப்பேன் – பெரிய தண்டனைக்கு உரியது. வீட்டில் மெமோ வாங்கியது நான்தான்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் பஸ் ஓட ஆரம்பித்தது. முதல் பஸ்களில் ஒன்றில் என் மச்சான் கலியபெருமாள் வந்து இறங்கினான். வசந்தாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் வாத்தியார். அக்காவின் விரலைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

“என்ன மாமா, வூட்டுல இவ்ளோ அமைதி? 144 போட்டிருக்கீங்களா?”

“உங்க அக்காவையே கேளு.”

“நான் சொன்னா நம்ப மாட்டாங்கடா,” என்றாள் வசந்தா, அவனிடம். “உங்க மாமா சாட்சி இல்லாம எதையும் நம்ப மாட்டாரு.”

இரண்டு தரப்பையும் கேட்டான். டாக்டர் சொன்னதையும் கேட்டான். அப்புறம் என்னிடம் ஒரே கேள்வி. “இன்சுலின எங்க வெச்சிருக்கீங்க?”

தெர்மோகோல் பெட்டியைத் திறந்து காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவன் ஐஸைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“உப்பா?”

“ஜாஸ்தி கூல் ஆகணும்னு…”

புட்டியை எடுத்தான். இளகும்வரை உருட்டினான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வசந்தாவுடையது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் வகை. உருட்டினால் ஒரே சீராகக் கலங்க வேண்டும். கலங்கவில்லை. ரவை ரவையாக அடியில் இறங்கியது. கண்ணாடியில் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து நாளாக இதே புட்டியைத்தான் நானும் பார்த்தேன். பார்த்தது அளவுக் கோட்டை மட்டும்.

“மாமா, இது செத்துப் போச்சு. பத்து நாளா அக்காவுக்கு நீங்க போட்டது வெறும் தண்ணி மாதிரிதான்.”

“எப்படிடா? எதையும் சேர்க்கல, எதையும் எடுக்கல. அதே மருந்துதானே உள்ள இருக்கு?”

“அதேதான் இருக்கு. அதான் பிரச்சன.”

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் நீலப் புடவையை இழுத்து மேஜை மேல் போட்டான்.

“இன்சுலினு ஒரு புரோட்டீன். சின்னச் சின்ன மணியக் கோத்த சரம்னு வெச்சுக்குங்க. மொத்தம் அம்பத்தோரு மணி. எந்த மணிக்கு அடுத்து எந்த மணிங்கற வரிசை இருக்கே, அது மொத நிலை. இந்தப் புடவையில முந்தானையிலேருந்து இந்த முனை வரைக்கும் பூ, கோடு, மாங்கான்னு வர்ற மாதிரி.”

“சீனியாரிட்டி லிஸ்ட் மாதிரி,” என்றேன்.

“அதே. ஆனா லிஸ்ட் மட்டும் வேல செய்யுமா மாமா?”

முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் சொன்னேன். “செய்யாது.”

புடவையின் ஒரு பகுதியைப் பிழிவது போல முறுக்கினான். இன்னொரு பகுதியை விசிறி மாதிரி மடித்தான். “சரம் சும்மா தொங்காது. ஒரு எடத்துல இப்படிச் சுருளும், ஒரு எடத்துல இப்படிக் கொசுவம் மாதிரி மடியும். இது ரெண்டாவது நிலை. அப்புறம் சுருள், மடிப்பு எல்லாம் சேந்து மொத்தமா ஒரு உருவத்துக்கு வரும். தண்ணி புடிக்காத மணியெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கும். புடிச்சதெல்லாம் வெளிய நிக்கும். அது மூணாவது நிலை.”

“புடவையக் கட்டி முடிச்ச மாதிரி,” என்றாள் வசந்தா. சண்டைக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் சாதாரண வாக்கியம் அது. என்னிடம் சொன்னதல்ல என்றாலும்.

“கரெக்ட் அக்கா. இன்சுலின் ஒரு சரம் இல்ல, ரெண்டு சரம். புடவையும் ஜாக்கெட்டும்னு வெச்சுக்க. ரெண்டையும் சேத்து ரெண்டு எடத்துல ஊக்கு குத்தியிருக்கும். சின்ன சரத்துலயே தனியா இன்னொரு ஊக்கு.”

“மூணு ஊக்கு. சரிதான். கல்யாணத்துக்குப் போறப்ப நான் குத்தறதும் மூணுதான்.”

“நாலாவது நிலை?” என்றேன். விட்டால் இருவரும் கல்யாணத்துக்கே போய்விடுவார்கள்.

“இப்படிக் கட்டின ஆறு பேரு வட்டமா நின்னு கும்மி கொட்டறாங்கன்னு நெனச்சுக்குங்க. நடுவுல துத்தநாகம், குத்துவெளக்கு மாதிரி. புட்டிக்குள்ள இன்சுலின் பெரும்பாலும் அப்படித்தான் கூட்டமா நிக்குது. ஒடம்புக்குள்ள போனதும் கூட்டம் கலையும். ஒவ்வொண்ணும் தனித்தனியா போயி செல்லோட பூட்டத் தெறக்கும். பூட்டுக்குத் தெரியறது உருவம் மட்டும்தான் மாமா. வரிசைய அது எண்ணிப் பாக்காது.”

பிறகு புடவையை இரண்டு கையாலும் கசக்கி, சுருட்டி, பந்தாக மேஜை மேல் போட்டான்.

“நீங்க உப்புப் போட்டு உறைய வெச்சதுல இதான் நடந்துச்சு. தண்ணி ஐஸாகி இறுகறப்ப எல்லாத்தையும் நெருக்கித் தள்ளும். கட்டு அவுந்துடும். அவுந்தது ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்.”

வசந்தா பந்தைப் பார்த்தாள். “அப்ப புடவ கிழியல. ஒரு நூலும் போகல. ஆனா இத இடுப்புல வெச்சுக்கிட்டு எங்கயும் போக முடியாது. அவ்ளோதானடா?”

“எம் ஸ்டூடன்ட்ஸுக்கு இதச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ரெண்டு வாரம் ஆவுது அக்கா.”

நான் மருந்தின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். ‘குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்’ என்பதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இன்னொரு வரி. உறைய விடக்கூடாது. எத்தனை பேருடைய மனுவைக் கடைசி வரியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்!

“ஐஸு கெடைக்கலன்னா என்னதான் பண்ணியிருக்கணும்?” என்றேன்.

கலியபெருமாள் தயங்கினான். பாவம், நல்ல பையன். “ஒண்ணும் பண்ணியிருக்க வேணாம் மாமா. இது மார்கழி. ஒரு மண்பானையில கொஞ்சம் தண்ணி வெச்சு, நனையாம மேல புட்டிய வெச்சிருந்தா, ஒரு மாசம் தாராளமா தாங்கியிருக்கும்.”

ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் போதும். அரசாங்க ஊழியனாக இருந்த எனக்கு அது தெரியாமல் போயிற்று!

அன்று மதியமே அவனோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மரங்களை அறுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பஸ் ஊர்ந்தது. ஆலப்பாக்கம் தாண்டும் வரை நான் பேசவில்லை.

“வெரலு தப்பிக்குமாடா?”

“உள்ள எலும்பு வரைக்கும் போகல மாமா. சுகர் எறங்கிட்டா ஒடம்பு பாத்துக்கும். இன்னும் நேரம் இருக்கு.”

“நான் ஒரு வாரம் முன்னாடியே உங்கிட்ட கேட்டிருக்கலாம். போன் கெடைக்கலன்னு வுட்டுட்டேன்.”

ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

“அவுந்தது திரும்பிச் சேராதா?” என்று கேட்டேன்.

“புட்டியில இருக்கறதா? சேராது மாமா, தூக்கிப் போடுங்க. ஆனா எல்லாப் புரோட்டீனும் அப்படி இல்ல. சிலதுக்கு, கெடுத்த சமாச்சாரத்த மெதுவா எடுத்துட்டா, தானாவே பழையபடி மடிஞ்சுக்கும். யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். வரிசை கெடாம இருந்தா போதும்.”

நான் கேட்டது இன்சுலினைப் பற்றித்தானா என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன் என்று சொன்னேனே.

சிதம்பரத்தில் மருந்துக்கடை ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக எனக்கு எப்போதும் கேட்டதில்லை. இரண்டு புட்டி. ஈரத் துணி சுற்றிய தூக்குவாளியில் வைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இருட்டுவதற்குள் வீடு. அன்றைய ஊசியே புது மருந்து. கலியபெருமாள் சொன்னபடி, முதலில் பழைய அளவுக்கே வந்துவிட்டேன். ஏனென்றால் கிளினிக் போய்வந்த பிறகு, டாக்டர் சொன்னபடி யூனிட்டைக் கூட்டியிருந்தேன். செத்த மருந்தில் நான்கு யூனிட் அதிகம் – அதுவும் ரெக்கார்டில் இருக்கிறது.

இரண்டாம் நாள் 260. மூன்றாம் நாள் 210. பொங்கலன்று காலை 172. டாக்டரிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பாகப் புதுத் தோல் எட்டிப் பார்த்தது.

“தப்பிச்சீங்கம்மா,” என்றார். வசந்தாவிடம்தான் சொன்னார்.

விரல் தப்பித்தது. வழக்கு?

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து முறைப்படி எழுதினேன். ‘திருமதி வசந்தா அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, உரிய விசாரணைக்குப் பின் ஆதாரமற்றது எனக் கண்டறியப்பட்டு, மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.’ கையெழுத்து, தேதி. கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீச்சர் நோட்டுத் திருத்துவது போல, ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள்.

“கண்டறியப்பட்டு, கைவிடப்படுகிறது… இதுல செஞ்ச ஆளையே காணோமே? யாரு சந்தேகப்பட்டாங்க, யாரு மருந்தக் கெடுத்தாங்க, ஒண்ணும் இல்லியே?”

அரசாங்க உத்தரவுகளில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தாளை என்னிடமே நீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபம் இல்லை. இத்தனை நாளாக நான் கோபம் என்று நினைத்தது கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“நான்தான் சந்தேகப்பட்டேன்,” என்றேன். “நான்தான் மருந்தக் கெடுத்தேன். உன் வெரலு போயிடுமோன்னு பயம். பயத்துல யாரையாவது புடிக்கணும்னு இருந்துச்சு. நீ பக்கத்துல இருந்த.”

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். தாளை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள்.

“எனக்கு மட்டும் பயம் இல்லியா? அத சொல்லத்தான் ஆளு இல்லாம இருந்துச்சு.”

அப்புறம் கையை நீட்டினாள். ஊசி நேரம். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை.

“நேரா புடிங்க. உருட்டிப் பாத்தீங்களா, ரவ ரவையா ஒண்ணும் நிக்கலியே?”